ரிக் வண்டிக்கு ஒரு டோக்கன்

வேம்பாளையத்து அங்காளம்மன் மண்டபத்தில், பந்தி போடுகிற கூடத்துக்கு நடுவில், போர்வெல் போடும் ரிக் வண்டி எப்படி வந்து நின்றது என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் வந்து கேட்கிறார்கள், வாசலின் அகலத்தை அளக்கிறார்கள், கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை, வந்ததை யார் பார்த்துக்கொள்வது, வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு இலை எங்கே போடுவது என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. கோயில் வாசலில் இருபத்திரண்டு வருஷமாகச் செருப்பு ஸ்டாண்டு வைத்திருக்கும் நாச்சிமுத்துவாகிய நான்தான் அந்த வண்டிக்கும் டோக்கன் கொடுத்தவன் என்பதால், நடந்ததை நான் சொல்வதுதான் முறை.

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், தீர்ந்து அடுத்த பாவை ஏற்றும்போது, பழைய நூலின் முனையையும் புது நூலின் முனையையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு, ஒரு முறுக்கு முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஒன்றல்ல, ஏழாயிரம் இழை, எட்டாயிரம் இழை, காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை. நடுவில் ஒரே ஒரு இழை விட்டுப்போனால் போதும், அதற்கப்புறம் பிணைத்ததெல்லாம் ஒரு இழை தள்ளிப் போய், பச்சை நூல் வரவேண்டிய இடத்தில் வெள்ளை நூல் வந்து நிற்கும், கரை கோணலாகும், முழுப் பாவும் வீண். இந்த வேலையைச் செய்கிறவர்கள் எல்லாம் பெண்கள். அவர்களுக்கு நாற்பது வயதில் முதுகு போய்விடும், அதற்கும் முன்னால் போகக்கூடாதது கவனம்.

இவர்களில் வேலாமணியை மிஞ்ச ஆள் கிடையாது என்று பத்து வருஷமாகப் பேர். ஆனால் அந்த வருஷம் ஆடிக்குள் அவள் இரண்டு பாவைக் கெடுத்துவிட்டாள். காரணம் ஊருக்கே தெரியும். அவள் புருஷன் ரங்கசாமி ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போர் போடப் போனவன், வாரத்துக்கு இரண்டு தரம் போன் செய்துகொண்டிருந்தவன், இரண்டு மாதத்துக்கு மேலாக மூச்சே காட்டவில்லை. கை நூலைப் பிடித்திருக்கும், காது மடியில் கிடக்கிற போனைப் பிடித்திருக்கும். இரண்டு எஜமானுக்கு ஒரு உடம்பு எத்தனை நாள் வேலை செய்யும்? தறி முதலாளி மாரப்பன் மூன்றாவது தரம் பொறுக்கமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அரசு ஆஸ்பத்திரிக்கு ஷெரின் என்கிற பிசியோதெரபிஸ்ட் வந்தது. நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்காது, குரல் மட்டும் கண்டக்டர் குரல். ஒரே மாதிரி முதுகுவலியோடு இருபத்தாறு பெண்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, சீட்டு எழுதுகிற பேனாவை மூடி வைத்து, "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு எல்லாரும் பாயோட மண்டபத்துக்கு வாங்க, பிலாட்டிஸ் பண்ணலாம்" என்றது. அது என்ன பலகாரம் என்று யாரோ கேட்டதற்குச் சிரிக்கக்கூட இல்லை.

பலகாரம் இல்லை. மல்லாந்து படுத்து, தொப்புளை முதுகெலும்புப் பக்கம் இழுத்துப் பிடித்து, மூச்சை வயிற்றுக்கு விடாமல் விலாவுக்குப் பக்கவாட்டில் விட்டு, தலையைத் தூக்கி, காலைத் தூக்கி, இரண்டு கையையும் தண்ணீரைத் தட்டுகிற மாதிரி தட்டித் தட்டி, ஐந்து எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும்வரை வெளியே விட்டு, அப்படிப் பத்துத் தடவை, மொத்தம் நூறு. அப்புறம் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக, ஒன்று தரையை விட்டபின் அடுத்தது என்று எழுப்பி உட்கார்ந்து, அதே மாதிரி ஒவ்வொரு கணுவாகத் திரும்பப் படுப்பது. "உடம்பு எங்க இருக்கோ மனசு அங்கயே இருக்கணும், வேற எங்கயும் போகாண்டாம்" என்று ஷெரின் நடந்துகொண்டே சொல்லும். இழை இழையாகப் பிணைத்துப் பழகின பெண்களுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, நூறில் எழுபதை எண்ணி மூச்சை வெளியே விட்டபோது, வேலாமணியின் நாத்தனார் தங்காயியின் பாய்க்குப் பக்கத்தில் ஒரு பால் பாத்திரம் வந்து இறங்கியது. பால் பொங்குகிற பதத்தில் இருந்தது.

"இதையேதான் வந்ததுலருந்து நெனச்சுட்டுக் கெடந்தேன்" என்றாள் தங்காயி. "அடுப்ப அணைச்சனா இல்லியான்னு."

"கை படாம தள்ளி வைங்க" என்றது ஷெரின். "எழுபத்தொண்ணு, எழுபத்திரெண்டு."

நூறு முடிவதற்குள் இன்னும் ஒன்பது சாமான்கள் இறங்கின. ஒரு கதவுத் தாழ்ப்பாள், பேர் விட்டுப்போன கல்யாணப் பத்திரிகை ஒன்று, சொட்டுகிற குழாய், பிளஸ் டூ மார்க் ஷீட், இரண்டு வாரமாக மடி வற்றிக் கிடக்கிற வெள்ளாடு. யார் எதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தார்களோ அது அவரவர் பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. நின்றபின் அவர்கள் தலைக்குள் அது இல்லை. அன்றைக்குப் பாவு பிணைக்கப் போன பத்துப் பேரும் வழக்கமாகப் பொழுது சாய முடிகிற வேலையை மூன்று மணிக்கே முடித்து, ஒரு பிழையில்லாமல் எழுந்து வந்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் அவரவர் சாமானை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துப் போகாமல் தொலைத்துவிட்டால் என்னாகும் என்று, மறுநாள் தாமும் பாயோடு வந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சோதித்துப் பார்த்தார். தம்முடையதைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டு வந்தார். விடியும்போது அது நனைந்துபோய் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது.

ஆக, தொலைக்க முடியாது, இறக்கி வைக்கலாம். இது தெரிந்தபின் ஊர் கூடிப் பேசியது. அதிசயத்தைப் பற்றி அல்ல. சாமான்களை மண்டபத்தில் கண்ட இடத்தில் விட்டுப்போனால் கூட்டிப் பெருக்குகிறவள் வரமாட்டேன் என்கிறாள், அதைப் பற்றி. கோயில் செருப்பு ஸ்டாண்டில் இரண்டு வரிசையை மண்டபத்துக்கு மாற்றி, நாச்சிமுத்துவையே பார்த்துக்கொள்ளச் சொல்வது என்று முடிவாயிற்று. செருப்புக்கும் கவலைக்கும் ஒரே டோக்கனா என்று பூசாரி முகம் சுளித்தார். மறுவாரம் அவரே பாயோடு வந்து தம் மனசிலிருந்த செல்போனை இறக்கி வைத்துவிட்டுப் போய் நிம்மதியாக அபிஷேகம் செய்தார்.

இப்போது பாவு பிணைப்பவர்கள் மட்டுமல்ல, பேங்க் கேஷியர், பஸ் டிரைவர்கள், நீட் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், ஊரில் பாதிப்பேர் விடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நூறு அடித்தார்கள். என்ன இறங்கினாலும் நான் ஒரு சாக்கை எடுத்து மூடிவிடுவேன். யாருடைய மனசில் யார் போட்டோ இருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும், கேட்டால் சொல்லமாட்டேன்.

என் கையால் நடந்த தப்பு ஒன்றே ஒன்று, அதுவும் நன்மைக்கே முடிந்தது. மாரப்பனும் அவர் சம்சாரம் சுலோச்சனாவும் சேர்ந்துதான் வருவார்கள். ஒருநாள் அவசரத்தில் டோக்கன் மாறி, மாரப்பன் தம்முடைய தறிமோட்டாரை விட்டுவிட்டுச் சம்சாரத்தின் ஐந்தடுக்குத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு முழுக்க அந்த மனுஷன் தறிப்பட்டறையில் உட்கார்ந்து, தயிருக்கு உறை ஊற்றினேனா, கேஸ் இன்னும் எத்தனை நாளைக்கு வரும், பெரியவளுக்கு இருமல் விட்டதா, நாத்தனார் வந்தால் என்ன சமைப்பது, மாடியில் காய்கிற துணி, மாமியாரின் சர்க்கரை மாத்திரை என்று உழன்று, மத்தியானத்துக்குள் வியர்த்து ஊற்றிப்போய்ச் சம்சாரத்தைக் கூப்பிட்டார்.

"தெனமும் இப்படித்தானா சுலோச்சனா?"

"இன்னைக்குக் கம்மிங்க" என்றாளாம் அந்தம்மா.

அதற்கப்புறம் மாரப்பனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. வேலாமணி மூன்றாவது பாவையும் கெடுத்தபோது, எல்லாரும் எதிர்பார்த்த மாதிரி அவளைத் துரத்தவில்லை. "திங்கக்கிழமை ஏழாயிரத்து இருநூறு இழைப் பாவு ஒண்ணு ஏறுது. கல்யாணச் சீலை. அதையும் விட்டுட்டீன்னா என்னால முடியாது அம்மிணி" என்றார். வேலாமணிக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. ஊரில் அவளுக்கு இருந்த ஒரே பேர் அந்த விரல்களுடைய பேர்தான்.

ஆனால் ஒரு சங்கடம். ஆறு வாரமாக ஒரு நாள் விடாமல் நூறு அடித்தவள் வேலாமணி. ஊரே பாத்திரமும் பண்டமுமாக இறக்கிக்கொண்டிருக்க, அவள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு குண்டூசி கூட விழவில்லை. மூச்சு விலாவரை போகும், அங்கே நின்றுவிடும். ஷெரின் அவள் விலாவில் இரண்டு கையையும் வைத்து, "இங்க என்னத்தயோ புடிச்சிட்டு இருக்கீங்க அக்கா" என்றது. அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை காலையில் நூறு ஆரம்பிப்பதற்கு முன்னால் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, என்னுத எனக்குத் தெரியுமுங்க. தெரியாம இல்ல. எறக்கி வெச்சுட்டா அவிய வரமாட்டாங்களோன்னு இருக்குதுங்க. நான் நெனச்சுட்டே இருக்கறதுனாலதான் எங்கியோ உசுரோட இருக்கறாங்கன்னு தோணுது. நானும் உட்டுட்டா யாரு புடிச்சுக்குவாங்க?"

தத்துவம் பேசுகிற ஆள் இல்லை நான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அம்மிணி, இருவத்திரெண்டு வருசம். தேர்த் திருவிழா, கும்பாபிசேகம், ஆடி அமாவாசை. ஒத்தச் செருப்பு தொலஞ்சதில்ல. நீ போயிட்டு வர்ற வரைக்கும் நான் புடிச்சுக்கறன். என்ற கையில இருந்து போவாது."

அவள் போய்ப் பாயை விரித்தாள்.

அன்றைக்கு எண்ணிக்கை எண்பதைத் தொட்டபோது அவள் விலா விரிவதை ஷெரின் பார்த்துவிட்டது. "எல்லாரும் செவுத்தோரமா நகருங்க, எண்ணுறத நிறுத்தாண்டாம்" என்று சத்தம் போட்டது. எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டே அத்தனை பேரும் பாயோடு சுவரோரம் ஊர்ந்தார்கள். தொண்ணூற்றெட்டில் வேலாமணி மூச்சை விட்டாள், விட்டாள், நாலு மாத மூச்சையும் சேர்த்து விட்டாள். ஒரு சத்தமும் இல்லை. கூடத்தின் நடுவில், துளை போடும் இரும்புக் கோபுரத்தை முதுகில் மடித்துப் போட்டுக்கொண்டு, பத்துச் சக்கரங்களில் செம்மண் அப்பிய ரிக் வண்டி நின்றது. இரண்டு மின்விசிறி வளைந்தது, வேறு சேதம் இல்லை.

"தொண்ணூத்தொம்பது, நூறு" என்றது ஷெரின். "மெதுவா எந்திரிங்க. ஒவ்வொரு கணுவா."

நூற்றுப்பதினேழாம் நம்பர் டோக்கனை நான் வேலாமணியின் உள்ளங்கையில் வைத்தேன். ரிக்கை மூடுகிற அளவுக்குச் சாக்கு என்னிடம் இல்லை. எதிர்ச் சாரியில் இருக்கிற மாரப்பன் பட்டறைக்கு அவள் நடந்து போனதை ஊர் பார்த்தது. குடம் இறக்கி வைத்தவள் நடக்கிற நடை.

தங்காயி இழை பிரித்துக் கொடுக்க, வேலாமணி பிணைத்தாள். சாம்பல், முறுக்கு, அடுத்தது. சாம்பல், முறுக்கு, அடுத்தது. பத்தரை மணிக்கு ரிக் வண்டிக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. அவள் போனின் மணியேதான், தெருவைத் தாண்டிப் பட்டறைக்குள் கேட்கிற சத்தம். அவளைக் கூப்பிடலாமா என்று நான் ஷெரினைப் பார்த்தேன். "நாலு மாசமா அவங்க தலைக்குள்ள இது இப்படித்தான் அடிச்சிட்டு இருந்திருக்கு" என்றது அது. தெருவில் போனவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள், காதைப் பொத்திக்கொண்டவர்களும் உண்டு. இத்தனையை உள்ளே வைத்துக்கொண்டா இவள் இழை பிணைத்தாள் என்று மாரப்பன் வாய்விட்டே சொன்னார். வேலாமணிக்கும் அந்தச் சத்தம் கேட்டது. கேட்டதை அவள் தோள் சொன்னது. ஒரு மூச்சை விலாவுக்குப் பக்கவாட்டில் இழுத்தாள், ஐந்து எண்ணி விட்டாள், அடுத்த இழையை எடுத்தாள். மணி அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது.

நாலு மணி பஸ்ஸில் ரங்கசாமி வந்து இறங்கினான்.

அவள் இறக்கி வைத்ததால்தான் அவன் வந்தான் என்று ஊரில் ஒரு கட்சி இன்றைக்கும் பேசுகிறது. நான் அவன் ரயில் டிக்கெட்டைப் பார்த்தேன், அவன் சனிக்கிழமையே கிளம்பிவிட்டான். தாடியும் பையுமாக நேரே பட்டறை வாசலில் போய் நின்றவனைத் தங்காயி முதலில் பார்த்தாள், அண்ணனைப் பார்த்த வேகத்தில் கையிலிருந்த இழையை விடப் பார்த்தாள். வேலாமணி தலையைத் தூக்கினாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தாள், கை கால் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. கண் நிறைந்தது, வழியவும் வழிந்தது. அப்புறம் பார்வை நூலுக்குத் திரும்பியது. "அடுத்தது குடு தங்காயி" என்றாள்.

யாரோ அவனுக்கு மண்டபத்தைக் காட்டி ஜாடை செய்தார்கள், அவன் தெருவைக் கடந்து என்னிடம் வந்தான்.

"எங்கடா போயிருந்தே?" என்று கேட்டேன்.

"போனு போர்க்குழியில உழுந்துருச்சுங்க மாமா. அறுநூத்தியம்பது அடி. ஒரு நெம்பரும் மனப்பாடம் இல்ல. இந்த வாரம் கெளம்பிரலாம், அடுத்த வாரம் கெளம்பிரலாம்னு மொதலாளி உடல." சொல்லிக்கொண்டே கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான். "இது யாரு வண்டிங்க?"

"உன்ற பொண்டாட்டியோடது."

அவன் வண்டியைச் சுற்றி வந்தான். ரிக்கைக் கண்ணால் பார்த்தேயிராதவள் மனசிலிருந்து வந்த வண்டியில் ஒரு போல்ட் குறையவில்லை. கேபினில் அவன் லுங்கி மடித்து வைத்திருந்தது, அவன் காய்ச்சலில் கிடக்கிற மாதிரி ஒரு படுக்கை, அவன் அடிபட்டுக் கிடக்கிற மாதிரி இன்னொன்று, அவன் வேறு குடும்பத்தோடு சிரித்துக்கொண்டு சாப்பிடுகிற மாதிரி நாலு தட்டு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினான். போய்ப் பட்டறை வாசலில், வெயிலிலேயே நின்றுகொண்டான். நிழலுக்கு வரச்சொன்னோம், வரவில்லை.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கடைசி இழை முடிந்தது. மாரப்பன் தாமே வந்து பாவை இழுத்தார். ஏழாயிரத்து இருநூறு முடிச்சும் சீப்பு மாதிரி இருக்கிற அச்சின் பல்லுக்குள் ஒவ்வொன்றாய் நுழைந்து, ஒன்றும் அறாமல் மறுபக்கம் போயிற்று. தறியை ஓட்டினார். ஒரு சாண், ஒரு முழம், இரண்டு முழம் சீலை இறங்கியது. பச்சைக் கரை பச்சையாகவே, நேராக, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி வந்தது. மாரப்பன் அந்தக் கரையைத் தடவிக்கொண்டே நின்றார். பாவு பிணைக்கிற பெண்கள் இருபத்தைந்து பேரும் பட்டறைக்குள் வந்து வேலாமணியைச் சுற்றி நின்று, அவள் கையைப் பிடித்து விரல் விரலாகப் பார்த்தார்கள்.

அவள் சாம்பல் போகக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நாலு மணிக்கே வந்துட்டனே வேலாமணி" என்றான் ரங்கசாமி. "நீ பாக்கலியாக்கும்னு நெனச்சேன்."

"பாத்தனுங்க" என்றாள். "அப்ப ஆயிரத்து முந்நூறு இழை பாக்கி இருந்துதுங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். அவன் வந்துவிட்டான், இனி வண்டி மறைந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். மறையவில்லை. அவனுக்கும் அதுதான் புரியவில்லை.

"நாந்தான் வந்துட்டனே, இன்னும் இது எதுக்கு நிக்குது?"

"நாலு மாசம் சேத்ததுங்க. ஒரு நாள்ல போவாது" என்று சொல்லி டோக்கனை என் கையில் கொடுத்தாள். "நல்லாப் பாத்துக்கிட்டீங்கண்ணா."

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத வேலாமணி, படியில் கால் வைத்து ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, ஒரு மூச்சை இழுத்து விட்டு, சாவியைத் திருப்பினாள். கூடம் அதிர்ந்தது.

"அந்தப் பக்கமா ஏறுங்க" என்றாள் புருஷனிடம்.

அவன் சுற்றிப் போய்க் கிளீனர் பக்கம் ஏறி உட்கார்ந்தான். வாசலில் ஒரு கீறல் படாமல் வண்டி தெருவுக்கு மூக்கை நீட்டியது. தெருவில் ஊரே நின்றது, மாரப்பனும் சுலோச்சனாவும், பூசாரியும், ஷெரினும், பாயும் கையுமாகப் பெண்கள் அத்தனை பேரும். வேலாமணி ஒரு தரம் ஹாரன் அடித்தாள். நாங்கள் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டோம்.